போன வருஷத்து அக்கா

கண்ணை மூடிக்கோ பாப்பா என்கிறாள் தெரசம்மா. மூடிக்கொள்கிறேன். பஞ்சு கன்னத்தில் தட்டுகிற சத்தம் கேட்கிறது, படுவது தெரியவில்லை, யாருடைய முகத்துக்கோ யாரோ பவுடர் பூசுகிற மாதிரி இருக்கிறது, கழுத்தைச் சுற்றிக் கட்டிய துண்டில் பழைய மேக்கப் வாசனை, அதற்கு அடியில் யாருடையதோ வியர்வை, மேலே தகரக் கூரையில் கார்த்திகை மழை. மழை விட்டதும் டேக் போயிடலாம் என்று எட்வின் சார் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். எட்வின் சார்தான் எங்கள் கொற்றம் டிவியின் பண்டிகை நிகழ்ச்சிகளுக்குப் புரொடியூசர். மாநிலத்தில் பாதிப் பேர் பார்க்கிற சேனல், செய்திப் பிரிவுக்குக் கண்ணாடிக் கட்டடம், இந்த ஷூட்டிங் ஃப்ளோருக்கு மட்டும் தகரம், மழை பெய்தால் மைக்கில் அப்பளம் பொரிகிற சத்தம் விழும். பெய்யட்டும். பொங்கலன்று காலையில் ஒளிபரப்பாகிற ‘அமைச்சர் இல்லப் பொங்கல்’ ஒவ்வொரு வருஷமும் கார்த்திகையிலேயே எடுத்து முடிந்துவிடும். அமைச்சர் என்றால் பெரியப்பா. இல்லம் என்றால் பிளைவுட்டில் அடித்த ஓட்டு வீடு. கார்த்திகையில் செங்கரும்பு வெட்டுக்கு வராது, அதனால் எங்கள் சர்க்கரை ஆலைக்கு வருகிற வெள்ளைக் கரும்பைக் கொண்டுவந்து கத்தரிக்காய் நிறத்தில் பெயின்ட் அடித்து நிறுத்தியிருக்கிறார்கள், சாய்ந்தால் முதுகில் ஒட்டிக்கொள்ளும். பானைக்குள் சமையல் சோடா, மேலே எலுமிச்சைச் சாறு, எட்வின் சார் கையசைத்தால் பொங்கலோ பொங்கல். இதெல்லாம் எனக்குப் பிடித்த விஷயங்கள்தான். பெயின்ட் அடித்த கரும்பைக் கடித்துவிட்டு ஊதா உதட்டோடு நின்ற வருஷம் ஒன்று உண்டு. இந்த வருஷம் கடிக்கத் தோன்றவில்லை. இந்த வருஷம் எல்லோரும் போன வருஷத்து உடுப்பைப் போட்டிருக்கிறோம். அப்பாவுக்குச் சந்தன நிறப் பட்டுச் சட்டையில் பொத்தான் பூட்ட வரவில்லை, முதுகுப்பக்கம் நீளமாக வெட்டி கிளிப் போட்டு இழுத்துவிட்டிருக்கிறார்கள், முன்னால் இருந்து பார்த்தால் அமைச்சரின் தம்பி, தொழிலதிபர் எழில்வாணன், பின்னால் இருந்து பார்த்தால் துணி காயப்போட்ட கொடி. பெரியப்பாவின் பேரன் போன வருஷம் தொட்டிலில் கிடந்தான், இப்போது ஃப்ளோர் முழுக்க ஓடுகிறான், அதனால் எடிட்டிங்கில் வேலை செய்கிற ஒருத்தரின் கைக்குழந்தையைக் கடன் வாங்கித் தொட்டிலில் போட்டாயிற்று. என்னுடைய தாவணிப் பாவாடை கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டது, உட்கார்ந்தே இருக்க வேண்டும். போன வருஷம் என் பல்லில் கம்பி இருந்தது, இப்போது இல்லை, ஆகவே வாயைத் திறக்காமல் சிரிக்க வேண்டும். பாப்பா வாய் மட்டும் கேமராவுக்கு வேண்டாம் என்று எட்வின் சார் சொன்னபோது யாராவது சிரிப்பார்கள் என்று பார்த்தேன்.

எல்லாம் எதற்கு, போன வருஷத்து அக்கா அந்தக் காட்சியில் இருக்கிறாள், போன வருஷத்து அக்காவுக்கு நாங்கள் பொருந்த வேண்டும். பச்சைச் சேலை, முதுகைக் காட்டிக்கொண்டு பானைக்கு முன்னால் குனிந்திருக்கிறாள், அரிசி போடுகிறாள், திரும்பிச் சிரிக்கிறாள், அவ்வளவுதான், அந்தத் துண்டை எடுத்து இந்த வருஷத்து எங்கள் நடுவில் செருகிவிட்டால் அக்கா இளநிலா வீட்டில்தான் இருக்கிறாள். வணக்கம், கொற்றம் செய்திகள், அமைச்சர் பரிதிவாணன் குடும்பத்தின் மீது களங்கம் சுமத்தும் நோக்கில் கணினி மூலம் உருவாக்கப்பட்ட போலிக் காணொளி ஒன்று பரவி வருகிறது. இது செய்தி வாசிக்கிற அந்தோணியம்மாள் குரல், ‘பரவி’யில் ஒரு சின்னத் தூக்கு, ‘வருகிறது’வில் முகத்தைத் துடைத்து வைத்தது மாதிரி ஒரு நிறுத்தம், எனக்கு அது மூன்று நிமிஷத்தில் வந்துவிட்டது. போலி இல்லை அது. அக்கா தன் போனில் தானே எடுத்தது. வெள்ளைச் சுவர், சாதா சுடிதார், பின்னால் ஒரு ஃபேன் சுவிட்ச். என் பேரில் இருக்கிற கேபிள் கம்பெனியை நான் நடத்தவில்லை, நடத்துவது என் பெரியப்பா, அமைச்சராக இருப்பதால் என் பேரில் போட்டார்கள், காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன், ஒருவர் செத்த பிறகுதான் படித்துப் பார்த்தேன், நான் வீட்டைவிட்டு வந்துவிட்டேன், நீதிமன்றத்தில் சொல்லப் போகிறேன் என்கிறாள். செத்தவர் அருணகிரி. ஒரு சின்ன ஊரில் சொந்தமாகக் கேபிள் நடத்தியவர், எங்களிடம் வரமாட்டேன் என்றார், தெருத்தெருவாக அவருடைய வயரை வெட்டினார்கள், மறுபடி இழுத்தார், மறுபடி வெட்டினார்கள், பூச்சிமருந்து குடித்துவிட்டார். வழக்கு உரிமையாளர் மேல். உரிமையாளர் என்றால் எங்கள் இளா, இரண்டு கரப்பான் பூச்சியைப் பார்த்தால் கட்டில் மேல் ஏறி நிற்கிறவள். வேறு எந்தச் சேனலும் அந்த வீடியோவைப் போடவில்லை. எப்படிப் போடுவார்கள், எல்லாச் சேனலும் எங்கள் வயர் வழியாகத்தான் வீட்டுக்குள் போகிறது. ஒருத்தர் மட்டும் அரை நிமிஷம் காட்டினார், அன்று சாயங்காலமே அந்தச் சேனல் எங்கள் பெட்டியில் பக்தி வரிசைக்கும் கன்னடத்துக்கும் நடுவில் எங்கோ போய்விட்டது. அன்பார்ந்த வாடிக்கையாளரே, தங்கள் சேனல் வரிசை மேம்படுத்தப்பட்டுள்ளது. இந்தக் குரல் ரொம்பச் சுலபம், மூக்கை லேசாக அடைத்துக்கொண்டு யாருக்கும் கோபம் வராத மாதிரி பேச வேண்டும். இப்போது வேண்டியது ஒன்றே ஒன்று, பொங்கலன்று எல்லோரும் பார்க்கிற நேரத்தில் அக்கா வாழ்த்துச் சொல்ல வேண்டும். சொன்னால் வீடியோ பொய். தை மாசம் கோர்ட்டில் நிற்கிறவள் எங்கிருந்தோ வாடகைக்குப் பிடித்துவந்த பெண், வீட்டுப் பெண் இங்கே பொங்கல் வைத்துக்கொண்டிருக்கிறாள் பாருங்கள். முகம் இருக்கிறது. முதுகு இருக்கிறது. குரல்தான் இல்லை. குரல் இந்த நாற்காலியில் உட்கார்ந்து பவுடர் பூசிக்கொண்டிருக்கிறது.

பெரியப்பா நேற்றுக் காலையில் என் அறைக்கே வந்தார். கதவைத் தட்டிவிட்டுத்தான் வந்தார், அவர் எப்போதும் தட்டுவார், மேடையில் இடி மாதிரி, வீட்டில் பஞ்சு மாதிரி. அவர் குரல் எனக்கு எட்டு வயசிலேயே வந்துவிட்டது, நெஞ்சுக்கூட்டில் பிடித்து மேலே விட வேண்டும், கடைசிச் சொல்லை இரண்டாம் தடவை மெதுவாகச் சொல்ல வேண்டும், தோழர்களே மறக்க மாட்டோம், மறக்க மாட்டோம். அந்தக் குரலை வைத்துத்தான் பத்தாவது படிக்கும்போது செய்திப் பிரிவுக்குப் போன் போட்டேன், நாளைக்குப் பள்ளிக்கூடம் லீவுன்னு ஓடவிடுப்பா, மழை, மழை. திரையின் அடியில் ஓடியது. வெளியில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. மறுக்கப் போகிறார்கள், தொலைந்தேன் என்று போர்வைக்குள் உட்கார்ந்திருந்தால், கொற்றத்திலேயே போட்டுவிட்டார்கள் என்று கலெக்டரே லீவு அறிவித்துவிட்டார். மறுநாள் அந்த மாவட்டம் முழுக்கப் பிள்ளைகள் வெயிலில் கிரிக்கெட் ஆடினார்கள். பெரியப்பா என்னைக் கூப்பிட்டுத் திட்டுவார் என்று நினைத்தேன், அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ரெண்டாவது ‘மழை’யை இன்னும் கொஞ்சம் இறக்கிச் சொல்லியிருக்கணும் என்றார். நேற்று வந்தவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார், காலை மடக்காமல், மூட்டு வலி. அம்மாடி, நம்ம இளா எங்க இருக்கான்னு எனக்குத் தெரியாது, தெரிஞ்சா காலைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்திருப்பேன் என்றார். அது பொய்யா நிஜமா என்று அவர் குரலை வைத்து என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. எத்தனையோ பேரை அந்தக் குரலில் ஏமாற்றியிருக்கிறேன், உள்ளே இருந்து கேட்டால் அதில் பொய் எங்கே நிற்கும், நிஜம் எங்கே நிற்கும் என்று இடம் தெரியவில்லை. பொங்கலுக்குச் சிறுவர் சேனல் வருகிறது, கொற்றம் மழலை, அதை உன் பேரில்தான் போடச் சொல்லியிருக்கிறேன், பதினெட்டு ஆகட்டும், பூனை, குரங்கு, பூதம் எல்லாக் குரலும் நீயே கொடுக்கலாம் என்றார். என் பேரில். அக்காவுக்கும் பதினெட்டில்தான் கேபிள் வந்தது, கேக் வெட்டின கையோடு. எனக்குப் பூனை வந்தது, குரங்கு வந்தது, பூதம் நாக்கின் அடியில் வந்து உட்கார்ந்துகொண்டது, அதைவிட முன்னால் ஒன்று வந்துவிட்டது, அது சரி என்கிற வார்த்தை. சரி பெரியப்பா. என் குரலா, யார் குரல், யோசித்துப் பார்க்கிறேன், அம்மா குரல் அது, அம்மா முப்பது வருஷமாக இந்த வீட்டில் அப்படித்தான் சொல்கிறாள், சரி மாமா.

மேலே பார் பாப்பா, கண்ணுக்கு மை. மேலே பார்க்கிறேன். மழை இன்னும் விடவில்லை, ஆனால் தகரத்தில் சத்தம் பிரிந்து பிரிந்து விழுகிறது. பெய்யேன். டப்பிங் அறையில் பேசிவிடலாமே என்று நான்தான் கேட்டேன், அங்கே மழை கேட்காதே, சீக்கிரம் முடிந்துவிடுமே. டப்பிங்குன்னு சின்னப் பிள்ளைகூடக் கண்டுபிடிச்சிடும் பாப்பா என்றார் எட்வின் சார், போன வருஷம் இதே ஃப்ளோர், இதே எதிரொலி, பக்கத்தில் ஆட்கள் மூச்சு விடுகிற சத்தம், அதெல்லாம் வேண்டும் என்றார். அவர் நல்ல மனுஷர். வேலையை நன்றாகச் செய்கிற மனுஷர். தெரசம்மா மையை இழுத்துவிட்டு, அக்கா போன் ஏதாவது பண்ணுச்சா என்று உதட்டை அசைக்காமல் கேட்கிறாள். இல்லை என்கிறேன். பண்ணினாள். போன செவ்வாய். தெரியாத நம்பர். கடன் வேண்டுமா, மனை வேண்டுமா என்று கேட்கிற நம்பராக இருக்கும், அந்த மாதிரி நம்பருக்கு நான் எப்போதும் அப்பா குரலில்தான் எடுப்பேன், ஹலோ யாருங்க, ஹலோ, சீக்கிரம் சொல்லுங்க, தொண்டையைக் கொஞ்சம் கரகரவென்று வைத்துக்கொண்டு, எதிர்ப்பக்கம் சார் சார் என்று குழைவார்கள், ஜாலியாக இருக்கும். எதிர்ப்பக்கம் குழையவில்லை. ஒரு மூச்சு. அக்கா எந்த வார்த்தைக்கும் முன்னால் சின்னதாக ஒரு மூச்சை உள்ளே இழுப்பாள், தண்ணீரில் கால் வைக்கப் போகிறவள் மாதிரி. மூச்சு வந்தது, வார்த்தை வரவில்லை, கட். திரும்ப அடித்தேன், அணைத்து வைக்கப்பட்டுள்ளது. என் குரலில் எடுத்திருந்தால். இல்லை, வேறு யாராவதாக இருக்கலாம், மூச்சு எல்லோருக்கும் உண்டு. மனை விற்கிறவனுக்கும் மூச்சு உண்டு. ஆனால் மனை விற்கிறவன் வைத்துவிட மாட்டான். அவள் என் நம்பருக்கு அடித்திருக்கிறாள், அப்பா எடுத்திருக்கிறார், அப்படியென்றால் என் போனைப் பிடுங்கிவிட்டார்கள் என்று நினைத்திருப்பாள், என்னைப் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்திருப்பாள், எங்கேயோ ஃபேன் சுவிட்சுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எனக்காக அழுதிருப்பாள், நான் இங்கே சிப்ஸ் தின்றுகொண்டிருந்தேன். அதைப் பற்றி எனக்கு என்ன தோன்றுகிறது என்று பார்க்கிறேன். பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு நாக்கால் ஈறைத் தடவிப் பார்க்கிற மாதிரி தடவுகிறேன். இருக்கிறது, தடித்து இருக்கிறது, என்னுடையது மாதிரி இல்லை. ஹலோ யாருங்க. மறுபடி. ஹலோ யாருங்க. கரகரப்பு சரியாக இருக்கிறது, அதுதான் பிரச்சினை, எப்போதுமே சரியாக இருக்கும். கொஞ்சம் சுமாராகச் செய்கிறவளாக இருந்திருந்தால் அவள் கண்டுபிடித்திருப்பாள், ஏய் பூவு என்றிருப்பாள், என்ன சொல்ல வந்தாளோ அதைச் சொல்லியிருப்பாள். என்ன சொல்ல வந்தாள். நல்லா இருக்கேன் என்று. அல்லது நல்லா இல்லை என்று. அல்லது பொங்கல் ஷூட்டிங் வருமே, உன்னைக் கேட்பார்கள், செய்யாதே என்று. அவள் கெட்டிக்காரி, யோசித்திருப்பாள். இல்லை, யோசித்திருக்க மாட்டாள், நான் செய்வேன் என்று யாருக்குத் தோன்றும்.

சத்தம் இல்லை. என்ன சத்தம் இல்லை என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிகிறது. மழை விட்டுவிட்டது. யாரோ துண்டை உருவுகிறார்கள், யாரோ கையைப் பிடித்து வயர்களைத் தாண்டிக் கூட்டிப்போகிறார்கள், பிளைவுட் வீட்டின் முற்றத்தில், இந்தக் காட்சிக்கு மட்டும் கேமராவுக்குப் படாத ஓரத்தில் எனக்கு ஒரு ஸ்டூல், முகத்துக்கு நேரே கம்பில் கட்டின மைக். அப்பா முதுகைச் சுவருக்குக் காட்டிக்கொண்டு நிற்கிறார், கிளிப் தெரியக்கூடாது. பெரியப்பா நாற்காலியில். அம்மா பானைக்குப் பக்கத்தில், போன வருஷத்து அரக்குப் புடவையில், அது மட்டும் அவளுக்குத் தொளதொளவென்று இருக்கிறது, எல்லோருக்கும் சின்னதாகிவிட்ட உடுப்பு அவளுக்குப் பெரிதாகிவிட்டது. மானிட்டரில் அக்கா நின்றுபோய் இருக்கிறாள், பச்சைச் சேலை, கையில் அரிசித் தட்டு. பாப்பா, லெவல் பார்க்க ஏதாவது பேசு என்கிறார் சவுண்ட் பார்க்கிறவர். அக்கா எப்படி நிற்பாள், இடது தோளைக் கொஞ்சம் தூக்கி, சரி, மூச்சை இழுத்து, சரி, ஒண்ணு ரெண்டு மூணு, இந்தா பூவு என் சீப்பை எங்க வெச்ச. ஸ்பீக்கரில் அக்கா கேட்டாள், எங்க வெச்ச என்று. அம்மா திரும்பிவிட்டாள். என் பக்கம் இல்லை, வாசல் பக்கம், மின்விசிறி வைத்திருக்கிற பக்கம், வெளியில் இருந்து ஆட்கள் வருகிற வழியைப் பார்த்துத் திரும்பி, ஒரு காலை எடுத்தும் வைத்துவிட்டாள். எல்லோரும் பார்த்தார்கள். அம்மா காலைப் பின்னால் எடுத்து வைத்துக்கொண்டாள், புடவையில் ஏதோ ஒட்டியிருக்கிற மாதிரி தட்டினாள். பிரமாதம் பாப்பா என்றார் எட்வின் சார். முதலில் சிரிப்பை எடுத்துவிடலாம், போன வருஷம் அந்த இடத்தில் மேளத்தைப் போட்டு நிரப்பிவிட்டோம், தனியாகச் சிரிப்புச் சத்தம் இல்லை என்றார். மானிட்டரை ஓடவிட்டார்கள். அக்கா அரிசியைப் போட்டாள், திரும்பினாள், சத்தமில்லாமல் சிரித்தாள், தலையைப் பின்னால் சாய்த்து. அது எதற்குச் சிரித்தாள் என்று எனக்குத் தெரியும். கேமராவுக்குப் பின்னால் நின்று நான் பெரியப்பா குரலில், பொங்கிவிட்டது தோழர்களே, பொங்கிவிட்டது என்றேன். என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள். இன்னொரு தடவை ஓடவிட்டார்கள். மறுபடி என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எங்கே தொடங்கும், மூக்கில், பிறகு ஒரு விக்கல், பிறகு மேலே, தெரியும், எல்லாம் தெரியும், தொண்டை தானாக இடம் மாறிக்கொண்டது, வாயைத் திறந்தேன்.

“சிரிப்பு வேணாம் மாமா” என்றாள் அம்மா.

பெரியப்பாவைப் பார்த்துச் சொன்னாள். முப்பது வருஷத்தில் அந்த நாற்காலியைப் பார்த்து அவள் வேணாம் என்று சொல்லி நான் கேட்டதில்லை, யாரும் கேட்டதில்லை என்று அப்பா முகத்திலிருந்து தெரிந்தது. கடன் வாங்கிய குழந்தை தொட்டிலில் முனகியது. “அவ இப்ப எங்கயாவது சிரிச்சுக்கிட்டு இருக்காளா, என்னன்னே நமக்குத் தெரியாது. அதை இவ வாயிலேர்ந்து எடுக்காதீங்க.” அவ்வளவுதான் சொன்னாள். சத்தமாகக்கூட இல்லை. எனக்குள் எங்கோ மரத்துப்போன இடத்தில் சுள்ளென்றது, ரத்தம் திரும்பி வருகிற காலில் சுள்ளென்பது மாதிரி, சொல் அம்மா, இன்னும் சொல், அடுத்ததையும் சொல். பெரியப்பா கொஞ்ச நேரம் தன் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்குமோ என்னவோ. “நீ சொன்னா சரிம்மா. பெத்தவ மனசு” என்றார், வீட்டுக்குரல், பஞ்சு, “எட்வின், சிரிப்பு வேணாம். மேளத்தையே போட்டுக்கோங்க. அந்த வாழ்த்து மட்டும் எடுத்துக்கலாம்.” அப்பா மூச்சு விட்டார், பின்னால் ஒரு கிளிப் டப்பென்று கழன்று விழுந்தது, யாரோ குனிந்து எடுத்தார்கள். லைட் ஆட்கள் மறுபடி தத்தம் இடத்துக்குப் போனார்கள். பெரிய ஆபத்து ஒன்று நல்லபடியாகத் தீர்ந்துவிட்ட மாதிரி ஃப்ளோர் முழுக்க ஒரு லேசான சத்தம், தெரசம்மாகூட எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். வாழ்த்து இருக்கிறதே அம்மா, சிரிப்பு ஒன்றுமே இல்லை, வாழ்த்துதானே அக்காவைப் பொய்யாக்கப் போகிறது. அம்மா பானையின் கழுத்தில் கட்டின மஞ்சள் கொத்தைச் சரி செய்துகொண்டிருந்தாள். இலையை இந்தப் பக்கம் இழுத்தாள், பிறகு அந்தப் பக்கம். நிமிர்வாள் என்று பார்த்தேன். கேட்டது கிடைத்துவிட்டவள் முகம் அது, அவள் கேட்கிற அளவு அவ்வளவுதான், அது கிடைத்துவிட்டது, இனி அவள் வாயைத் திறக்கமாட்டாள். சரி மாமா என்று சொல்லக்கூடத் தேவைப்படவில்லை. சைலன்ஸ் என்றார்கள். மானிட்டரில் பச்சைச் சேலை முதுகு அசையத் தொடங்கியது. எட்வின் சார் கையைத் தூக்கி வைத்திருந்தார், அது இறங்கினால் நான் பேச வேண்டும். எல்லாருக்கும் பொங்கல் வாழ்த்துகள், இந்தப் பொங்கல்லேர்ந்து உங்க வீட்டுச் செல்லங்களுக்காக கொற்றம் மழலை, நாங்க எல்லாரும் ஒண்ணா இருக்கோம், நீங்களும் ஒண்ணா உக்காந்து பாருங்க. இவ்வளவுதான் வசனம். இருமலாம். குரலைக் கொஞ்சம் சுமாராக விடலாம், யாராவது கண்டுபிடிக்கிற மாதிரி ஒரே ஒரு சொல்லை மட்டும் தட்டிவிடலாம். தாவணி வழுக்கியது, தூக்கிவிட்டுக்கொண்டேன். கை இறங்கியது. சொன்னேன். எதுவும் தட்டவில்லை. ஒரே டேக்கில் ஓகே.